மாஸ்டரின் வாசகர்களுக்கு நான் சொல்லாதது

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய கடதாசிக் கட்டு வந்து பதினைந்து நாளாகிறது. டெலிபோனில் நீ இரண்டு தடவை கேட்டபோதும் இன்னும் வரவில்லை என்றுதான் சொன்னேன். வந்த அன்றே பிரித்துவிட்டேன். அன்றிலிருந்து அது சாப்பாட்டு மேசையில்தான் கிடக்கிறது. மாஸ்டரின் கதைகளைப் பற்றி இண்டர்நெட்டில் யார் யாரோ எழுதியதையெல்லாம் அச்செடுத்து, பக்கங்களுக்கு இலக்கம் போட்டு, "அம்மா, இதையெல்லாம் வாசிச்சிட்டு அவரைப் பத்தி ஒரு ஆறு பக்கம் எழுதித் தாங்க, புத்தகத்தில முன்னுரையாப் போடணும், அவரோட ஒரே வீட்டில இருந்த பெரியவங்களில இப்ப நீங்கதான் மிச்சம்" என்று மேலே ஒரு துண்டும் வைத்திருந்தாய். கண்ணாடி மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். ஒருவர், கம்பியூட்டருக்குள் ஊர் கட்டி ஆட்கள் உலாவப்போகிறார்கள் என்று ஒரு கண்டி வாத்தியார் அந்தக் காலத்திலேயே எழுதிவிட்டார் பாருங்கள் என்று பெருமைப்படுகிறார். இன்னொருவர், இவருக்கு அரசியலே கிடையாது, வெறும் கனவுதான் என்கிறார். ஒரு பெண்பிள்ளை, தான் பிறக்காத ஊரின் ஒழுங்கைகள் தனக்கு மனப்பாடம் என்று எழுதியிருக்கிறாள். இருபத்தாறாம் பக்கத்தில் ஒருவர், "இவர் எப்படி இறந்தார்?" என்று கேட்கிறார். அதற்குக் கீழே உன் பெயரில் பதில் இருக்கிறது: "கண்டியில், மாரடைப்பால், அமைதியாக."

அந்த "அமைதியாக" உன்னுடைய சொல் இல்லை. உனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது, பாடசாலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றவனிடம் நான் சொன்ன சொல் அது. நீ அதை நம்பினாய். இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து இப்போது ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டாய். முன்னுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். "அவர் மிகவும் நல்லவர்" என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. கார்த்திகையில் உனக்குக் கலியாணம். கலியாணத்துக்கு முன்னால் பெற்றவர்கள் பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை எழுதி அனுப்புவார்கள். என்னிடம் இருப்பது நல்ல வார்த்தை இல்லை, தம்பி. நடந்ததுதான் இருக்கிறது. அதை முதலில் உனக்குச் சொல்லாமல் அவருடைய வாசகர்களுக்கு என்னால் ஒன்றும் எழுத முடியாது.

எண்பத்து மூன்று கலவரத்தில் உனக்கு ஒன்பது மாதம். உங்கப்பா வேலை செய்த ஹாட்வெயார் கடையைத் தெருவோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள். அவர் ஓடி எங்கள் அம்பிட்டிய வீட்டுக்கு வந்து சேர்ந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, கேற்றடிக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ச் சிங்களத்தில் பேசினேன். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள்தான். ஆனால் அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பு வேலைக்கு என்னை எடுத்ததே என் சிங்களத்தைப் பார்த்துத்தான். என் வாயைக் கேட்டு நான் யார் என்று ஒருவனும் சொல்லிவிட முடியாது. இங்கே தமிழர் யாரும் இல்லை, வேறு வீட்டைப் பாருங்கள் என்றேன், கொஞ்சம் அதட்டலாகவே. பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாவும் வந்து என் பக்கத்தில் நின்றார். அவர்கள் போய்விட்டார்கள். உங்கப்பா தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் குந்தியிருந்தார். அன்று அந்தப் பொய் மூன்று உயிரைக் காப்பாற்றியது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் வாயை அளந்து திறந்தால் தப்பிக்கொள்ளலாம் என்று அன்று என் உடம்பு படித்துக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு எந்தச் சீருடையைப் பார்த்தாலும் அது தானாக வேலை செய்தது.

மாஸ்டர் எங்களிடம் வந்தது அந்தக் கலவரத்துக்குப் பிறகுதான். யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பித்தார். கலியாணம் கட்டாதவர். டவுனில் அவர் இருந்த வாடகை வீடு புத்தகங்களோடு எரிந்துபோனது. அகதி முகாமில் கூப்பன் வரிசையில் உங்கப்பாவும் அவரும் அடுத்தடுத்து நின்றார்களாம். "நம்ம மேல் அறை சும்மாதானே கெடக்கு" என்று உங்கப்பா கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்த மனிதர் பத்து வருஷம் இருந்தார். நீ பேசப் பழகியபோது "அப்பா"வுக்கு அடுத்ததாகச் சொன்ன பேர் "மாத்தா"தான்.

பிறகு அவருடைய பாடசாலைக்கு ஒரு கம்பியூட்டர் வந்தது. பழகச் சொல்லி அவரை ஒரு கிழமை அனுப்பினார்கள். திரும்பி வந்த அன்று தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார். "தங்கச்சி, அந்தப் பெட்டிக்குள்ள ஒரு கோடு கீறலாம். கோடு கீறலாமெண்டால் வீடு கீறலாம். வீடு கீறலாமெண்டால் ஒரு ஊரையே கீறலாம்தானே? அந்த ஊரை ஒருத்தராலயும் கொளுத்தேலாது." அப்படித்தான் அவருடைய மறுவூர்க் கதைகள் தொடங்கின. டவுனில் ஒரு சின்ன அச்சகத்தார் நடத்திய மாதச் சஞ்சிகையில் மாதம் ஒரு கதை வந்தது. ஒரு ஆள் கதிரையில் இருப்பார், தலையில் கம்பிகள் வைத்த தொப்பியை மாட்டுவார், கண்ணுக்கு முன்னால் அவர் இழந்த தெரு விரியும். நடக்கலாம், கதவைத் தொடலாம், யாரோ மீன் பொரிக்கிற மணம்கூட வரும். ஆனால் ஒன்றையும் வெளியே கொண்டுவர முடியாது. உன்னைக் கதிரையில் இருத்தித் தலையில் துவாயைச் சுற்றிவிட்டு, "இப்ப இடப்பக்கம் திரும்பு, என்ன தெரியுது?" என்று கேட்பார். நீ வாய்க்கு வந்ததைச் சொல்லுவாய். இப்போது கம்பியூட்டரோடு நீ செய்கிற வேலை அந்தக் கதிரையில்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

முதலில் வந்த கடிதங்களை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். கணக்கு வாத்தியார் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒருவர் எழுதினார். கம்பளையில் இருந்து ஒருவர், அந்த ஊரில் அவசரத்துக்கு எங்கே போவது, அதற்கும் தொப்பியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தார். மாஸ்டர் அதை மூன்று தடவை வாசித்துக் காட்டி, நியாயமான கேள்வி என்று அடுத்த கதையில் பதிலும் சொன்னார். சஞ்சிகைக்கு வருகிற கடிதங்களை அச்சகத்துப் பொடியன் கட்டாக எங்கள் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போவான். நான்தான் உடைத்து அடுக்கி வைப்பேன். கந்தோரில் நாள் முழுக்க உத்தரவுகளையும் சுற்றறிக்கைகளையும் மாற்றி மாற்றி எழுதுகிறவளுக்கு அந்தக் கடிதங்கள் ஒரு ஆறுதலாக இருந்தன.

ஒரு நாள் கண்டிக்குப் பக்கத்துத் திகனையில் இருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் பெயர் ஸரீனா. வடக்கில் இருந்து முஸ்லிம் ஆட்களையெல்லாம் தமிழ் இயக்கத்தார் வெளியேற்றினார்களே, அதில் வந்தவள். புருஷன் வழியிலேயே காய்ச்சலில் மௌத்தாகி, திகனையில் கூடப்பிறந்த நானாவின் கடைக்குப் பின்னால் ஒரு அறையில் கைப்பிள்ளையோடு இருந்தாள். "ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள போகச் சொன்னாங்க. கதவப் பூட்டின திறப்பையும் வாசல்லயே வாங்கிட்டாங்க. எங்கட தெருவையும் அந்த ஊருக்குள்ள வைக்க ஏலுமா மாஸ்டர்?" கடிதத்தில் அவ்வளவுதான். மாஸ்டர் அதை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "எங்கட ஆக்கள் செய்தது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரும் நானும் நீயுமாகத் திகனைக்குப் போனோம். நீ வட்டிலப்பம் இரண்டு கோப்பை தின்றாயே, அந்த வீடுதான். ஸரீனா வாயால் சொல்லிப் பார்த்தாள், சரிவரவில்லை. பிறகு எழுந்து கண்ணை மூடிக்கொண்டு அந்த மண் முற்றத்தில் எட்டு வைத்து எண்ணிக்கொண்டு நடந்தாள். "இது கேற். இதிலிருந்து கிணறு இருபத்திரண்டு எட்டு. இதில வாப்பாட அறை, கொஞ்சம் குனியணும்." சொல்லிக்கொண்டே ஒன்றுமில்லாத இடத்தில் குனிந்தாள். நீ சிரித்துவிட்டாய். மாஸ்டர் தன் தடித்த சீ.ஆர். கொப்பியில் இருந்து தலையை எடுக்காமலே, "சிரிக்காதையடா, அவா இப்ப வீட்டுக்குள்ள நிக்கிறா" என்றார். அந்தக் கொப்பியில் கட்டம் போட்ட பக்கத்தில் ஒவ்வொரு எட்டையும் அளந்து கீறிக்கொண்டார்.

அந்த வீட்டை வைத்து அவர் எழுதிய கதை வந்த மாதம்தான் வாசகர்கள் என்றால் யார் என்று நான் பார்த்தேன். திட்டி எழுதியவர்கள் பலர். எங்கள் வீட்டை எரித்தவனை மறந்துவிட்டுச் சோனகருக்கு வீடு கட்டிக் கொடுக்கிறாயா என்று ஒருவர். இப்படிப்பட்டவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று தெரியும்தானே என்று பெயர் போடாமல் இன்னொருவர். அவற்றை நான் ஒளித்துவைத்தேன், அவர் தேடி எடுத்து வாசித்தார். ஆனால் அதற்குப் பிறகு வந்தவை வேறு. யாரும் கதை நன்றாக இருந்தது என்று எழுதவில்லை. படம் கீறி அனுப்பினார்கள். மூதூரில் இருந்து, மன்னாரில் இருந்து, கொழும்பில் எரிந்துபோன வீடுகளில் இருந்து. கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர்கள் தங்கள் லயத்துக் காம்பராவைக் கீறி, அடுப்பு எந்த மூலையில் என்று அம்புக்குறி போட்டு அனுப்பினார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான், எங்களையும் உள்ளே எடுங்கள். மாஸ்டர் ஒன்றையும் தட்டவில்லை. பாடசாலையால் வந்ததும் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அளவுக்கு ஏற்றபடி கொப்பியில் பெயர்த்து எழுதினார். பதினொரு கொப்பி நிறைந்தது.

அந்தப் படங்களில் ஒன்று வவுனியாவில் இருந்து வந்தது. வடக்கில் இருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு ஓய்வுபெற்ற கிளாக்கர் அனுப்பியது. அவருடைய வீட்டையும் வளவையும் ஆமி எடுத்து முகாமாக்கியிருந்தது. மனிதர் வீட்டை வடிவாகக் கீறி, பின்வளவு மாமரத்தடியில் சிவப்புப் பென்சிலால், "இப்போது இதில் காவலரண் போட்டிருக்கிறார்களாம்" என்று எழுதியிருந்தார். மாமரம் போயிருக்குமோ என்ற கவலையில் எழுதினது. மாஸ்டர் அதையும் அப்படியே கொப்பியில் ஏற்றினார். நான் பார்த்தேன். பார்த்தும், இது வேண்டாம் மாஸ்டர் என்று சொல்லவில்லை. எனக்கு அப்போது அது ஒரு மாமரமாகத்தான் தெரிந்தது.

நீ ஐந்தாம் வகுப்புச் சோதனை எழுதிய அடுத்த வருஷம் ஒரு காலை நேரம் ஆமியும் பொலிஸும் அம்பிட்டியவைச் சுற்றி வளைத்தார்கள். நீ பாடசாலைக்குப் போய்விட்டாய். தமிழர் வாடகைக்கு இருக்கிற அறை அறையாகப் பார்த்தார்கள். மேல் அறைக்குப் போனவர்கள் நெடுநேரம் இறங்கவில்லை. இறங்கும்போது பதினொரு கொப்பியும் கடிதப் பெட்டியும் மாஸ்டரும் அவர்களோடு வந்தார்கள். சப்பாத்துப் போட நேரம் கொடுக்கவில்லை, செருப்போடு போனார். கேற்றடியில் என்னைப் பார்த்து, "பயப்பிடாதேங்கோ. கதையெண்டு சொன்னால் விளங்கிக்கொள்ளுவினம்" என்றார். நீ வந்து கேட்டபோது மாஸ்டர் லீவில் யாழ்ப்பாணம் போய்விட்டார் என்றேன். பாதை பூட்டிக் கிடக்கிற காலம், நீ அதையும் நம்பினாய்.

மூன்றாம் நாள் கந்தோருக்கு ஆள் அனுப்பினார்கள். கடிதங்கள் தமிழில் இருக்கின்றன, அவற்றைச் சிங்களத்தில் எழுதிக் கொடுக்க அரசாங்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும், வீட்டுக்காரியும் நீங்கள்தானே, நீங்களே வாருங்கள் என்று. எந்தப் பொலிஸ் நிலையம், எந்த அதிகாரி என்பதெல்லாம் உனக்கு வேண்டாம். நான் வெளிக்கிடும்போது உங்கப்பா, "எழுதிக் குடுத்திட்டு வந்திரு. வேற ஒண்ணும் பேசாத. புள்ளைய நெனச்சிக்க" என்றார். அவரைக் குற்றம் சொல்லாதே. அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் போகும்போது அந்த மாதச் சஞ்சிகையையும் முந்திய இரண்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். அதைக் காட்டினால் போதும். அச்சில் வந்த கதை, விலை போட்டு டவுனில் விற்கிறது, யாரும் வாங்கலாம். பஸ்ஸில் சிங்களத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று வசனம் வசனமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அந்த அதிகாரி கத்தவில்லை. கதிரை போட்டு இருக்கச் சொன்னார், பிளேன்ரீ தந்தார். மூன்று மணித்தியாலம் எழுதினேன். கேற்றில் இருந்து கிணறு இருபத்திரண்டு எட்டு. இதில் குனிய வேண்டும். அடுப்பு இந்த மூலையில். சிங்களத்தில் எழுத எழுத எனக்கே அது வேறு ஏதோ போலத் தெரியத் தொடங்கியது. சிவப்புப் பென்சில் படம் வந்தபோது அவர் பேனாவை மேசையில் வைத்தார். "நோனா, இது என்ன? இது உண்மையான இடமா, பொய்யான இடமா?" என்று கேட்டார். நான் அந்த வரியை மொழிபெயர்த்தேன். "அதைக் கேட்கவில்லை. இந்த மனுஷன் இதையெல்லாம் ஏன் சேர்க்கிறான்? இல்லாத ஊருக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? உங்கள் வீட்டில்தானே இருக்கிறான், உங்களுக்குத் தெரியாமலா?" என்றார். அவர் உண்மையாகவே கேட்டார், தம்பி. இத்தனை வருஷமாக எனக்குப் பொறுக்க முடியாதது அதுதான். அவர் விளங்கிக்கொள்ளத்தான் கேட்டார். பை என் மடியில் இருந்தது. சஞ்சிகையின் மூலை என் விரலில் பட்டுக்கொண்டிருந்தது. நான், "மம தன்னே நே" என்றேன். எனக்குத் தெரியாது. வாடகைக்கு இருக்கிறவர், அவர் என்ன எழுதுகிறார் என்று நாங்கள் கேட்பதில்லை என்று அதோடு ஒரு வசனமும் சேர்த்தேன். சுத்தமான சிங்களம். பிறகு ஒவ்வொரு தாளின் அடியிலும் சரியான மொழிபெயர்ப்பு என்று கையெழுத்து வைத்து, கந்தோர் முத்திரையும் குத்தினேன்.

வெளியே வரும்போது விறாந்தையில் ஒரு மர வாங்கில் மாஸ்டரை இருத்தியிருந்தார்கள். சட்டையில் மேல் பொத்தான்கள் இல்லை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. "தங்கச்சி, கதையெண்டு சொல்லிட்டியளே?" என்று கேட்டார். நான், "ஆமா மாஸ்டர், சொல்லிட்டேன்" என்றேன். "அப்ப சரி. இனி விட்டிடுவினம்" என்றவர், பத்து வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். நான் நடந்தேன். பஸ் தரிப்பிடம் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் போய்ச் சொல்ல அன்று எனக்கு இடம் இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. அந்தக் கிழமை முழுக்க இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று வைத்தேன். கிழமை முடிவில் அவரை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு யாரைக் கேட்பது என்றே தெரியாமல் போனது. அச்சகத்தார் கதவைப் பூட்டிவிட்டுத் திருச்சிக்குப் போய்விட்டார்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து கந்தோருக்கு டெலிபோன் வந்தது. உறவுக்காரர் யாரும் இல்லை, விலாசம் உங்களுடையது, வந்து எடுங்கள் என்று. தந்த கடதாசியில் இதயம் நின்றதால் மரணம் என்று எழுதியிருந்தது. அது பொய்யில்லை. எல்லோருக்கும் கடைசியில் அதுதானே நிற்கிறது. உங்கப்பா வேட்டியை இழுத்து அவருடைய பாதங்களை மூடினார். அதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். அதை உனக்கு எழுத மாட்டேன். அன்று பின்னேரம்தான் நீ வாசலில் நின்று கேட்டாய். ஊரால் திரும்பியவர் கண்டி ஆஸ்பத்திரியில் போய்விட்டார் என்று சொல்லி, நான் அந்தக் கடதாசியில் இருந்ததை மொழிபெயர்த்து, கடைசியில் "அமைதியாக" என்று சேர்த்தேன். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லும் கூட்டக்கூடாது என்று கந்தோரில் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன்.

சுடலையில் எரிக்கும்போது ஐந்து பேர்தான் இருந்தோம். ஸரீனா எப்படியோ கேள்விப்பட்டு வந்து, உள்ளே வராமல் றோட்டிலேயே பிள்ளையோடு நின்றுவிட்டுப் போனாள். மாஸ்டர் இறந்த செய்தி ஒரு பேப்பரில் நாலு வரியில் வந்தது. அதற்குப் பிறகு கடிதங்கள் எங்கள் விலாசத்துக்கே நேராக வரத் தொடங்கின. அவர் சாகவில்லை, தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார் என்று ஒரு பிள்ளை எழுதியது. எங்கள் வீட்டுப் படத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா, எங்களிடம் வேறு பிரதி இல்லை என்று பலர் கேட்டார்கள். எல்லாம் பொலிஸில் போய்விட்டது என்று எழுத எனக்குப் பயம். ஒருவருக்கும் பதில் போடவில்லை.

வவுனியாக் கிளாக்கர் மூன்று கடிதம் எழுதினார். முதலாவதில் துக்கம் விசாரித்தார். இரண்டாவதில், "மாஸ்டரைப் பிடித்தார்கள் என்று இங்கே கதைக்கிறார்கள். என்னுடைய படத்தாலா? தயவுசெய்து எனக்கு உண்மையை எழுதுங்கள்" என்று கேட்டார். மூன்றாவதை எழுதியது அவருடைய மகள். "அப்பா சாப்பிடுகிறார் இல்லை. நான்தான் அந்த மனுஷனைக் கொன்றேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லுகிறார். அப்படியில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கோ அம்மா." ஒரு வரிதான், தம்பி. அந்தப் படம் இல்லை ஐயா, என் வாய்தான் என்று எழுதியிருக்கலாம். எழுதினேன், முத்திரையும் ஒட்டினேன். வடக்குப் பக்கம் போகிற கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்கள் என்று உங்கப்பா சொன்னார். கிழித்து அடுப்பில் போட்டேன். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. அந்த மனிதர் எப்போது, எப்படிப் போனார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவுமில்லை.

உங்கப்பா சாகிறவரைக்கும் நாங்கள் இதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே கட்டிலில் பன்னிரண்டு வருஷம். நீ கட்டப்போகிற பிள்ளையோடு அப்படி இருக்காதே. உனக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்தி அதுதான். பயந்ததைச் சொல்லிவிடு, சொல்லாமல் வைத்தால் அது வீட்டில் இன்னொரு ஆளைப்போல வந்து இருந்துவிடும். நீ பயப்படாதே என்று எழுத எனக்குத் தகுதியில்லை. சண்டை இன்னும் நடக்கிறது, இங்கே இன்னும் ஆட்களைப் பிடிக்கிறார்கள், இன்றைக்கு யாராவது கேற்றடிக்கு வந்தாலும் என் வாய் முதலில் என்ன சொல்லும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

உன் கடதாசிகளை வாசித்த பிறகு, அவருடைய வாசகர்களில் ஒருவருக்காவது என் வாயால் சொல்லிவிட்டு உனக்கு எழுதுவோம் என்று தோன்றியது. போன சனிக்கிழமை திகனைக்குப் போனேன். ஸரீனாவுக்கு முகம் ஒடுங்கிவிட்டது, முட்டி வலியாம். மகள் வளர்ந்து ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். பின்விறாந்தையில் பாயில் இருந்து இருவருமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி, "எத்தின காலம்" என்று சொல்லிக் கட்டிப் பிடித்தாள். உன்னை விசாரித்தாள். தேத்தண்ணி குடித்தேன். பிறகு சொன்னேன். கொப்பிகளை, சிவப்புப் பென்சிலை, அந்த அதிகாரி கேட்டதை, நான் சொன்னதை, வாங்கில் இருந்து அவர் கேட்டதை, அதற்கு நான் சொன்னதை. உனக்கு எழுதியதைவிடச் சுருக்கமாகச் சொன்னேன், ஆனால் ஒன்றையும் விடவில்லை. அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள். "எங்கட வீட்டுப் படத்தையும் நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களா?" ஆமாம் என்றேன். "இருபத்திரண்டு எட்டெண்டு?" ஆமாம் என்றேன்.

பள்ளியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். "தொழுதிட்டு வாறன்" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மகள் மிச்ச வெங்காயத்தை உரித்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்டிக்கு இரண்டு பஸ் போகிற சத்தம் கேட்டது. வெயில் விறாந்தையை விட்டு இறங்கியது. கடைசியில் அந்தப் பிள்ளை உள்ளே போய் வந்து, "உம்மா இன்னும் தொழுறாங்க ஆன்ட்டி. உங்களப் போகச் சொல்லுறாங்க" என்றாள். அஸர் தொழுகைக்குப் பத்து நிமிஷம் போதும். நான் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தேன். எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை வாசித்து முடிக்கும்போது உனக்கும் எழும்பி உள்ளே போகத் தோன்றும். போ, தம்பி. நான் கூப்பிட மாட்டேன்.

அம்மா